சாப்பாட்டு மேசை: தாய்லாந்துக் கடையில் எதைப் பார்த்து உட்காருவது?

சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. எங்கள் குழுவில் ஆறு பேர். இந்த முறை விருந்து என் பொறுப்பு, எல்லோரும் தாய்லாந்துச் சாப்பாடு என்று சொல்லிவிட்டார்கள். கைப்பேசியில் தேடினால் பக்கம் பக்கமாக வருகிறது. எல்லாக் கடையிலும் யானைப் படம், தங்க நிறச் சுவர். எப்படித் தேர்ந்தெடுப்பது அக்கா?
— புக்கிட் பாத்தோக்கிலிருந்து ஒரு வாசகர்

யானையையும் தங்கத்தையும் விட்டுவிடுங்கள் தம்பி, அதெல்லாம் பெயின்ட் அடித்தவர் கைவேலை. சமையல்காரர் கைவேலை மெனுவில் இருக்கிறது. அந்தக் கடை தாய்லாந்தின் எந்தப் பக்கத்துச் சமையலைச் சமைக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். பாதிக் கவலை அதோடு தீர்ந்தது.

வடகிழக்கே ஈசான் என்று சொல்கிற பகுதி. அங்கே தேங்காய்ப்பால் அவ்வளவாகப் புழங்காது. பச்சைப் பப்பாளியை உரலில் குத்திய சோம் தாம், கொத்திய இறைச்சியில் வறுத்து இடித்த அரிசித் தூள் தூவிய லாப், சுட்ட கோழி, கையால் உருட்டித் தின்னும் ஒட்டரிசி. வடக்கே சியாங் மாய் பக்கம் போனால் காவ் சோய் என்கிற குழம்பு நூடுல்ஸ், பர்மா வாடை அடிக்கும் கேங் ஹங் லே. தெற்கே மஞ்சளும் மிளகாயும் தூக்கல். ஊறவைத்த மீன் குடல் போட்ட கேங் தாய் ப்ளா, நீரே இல்லாமல் வறட்டி எடுத்த குவா கிளிங், பெத்தாய்க் கொட்டை. உணவகங்களுக்கு நட்சத்திரம் போடுகிற மிஷ்லின் கையேட்டின் 2025 பதிப்பில் மூன்று நட்சத்திரம் வாங்கிய முதல் தாய் உணவகமான பாங்காக்கின் ‘சோர்ன்’ இந்தத் தெற்கத்திச் சமையல்தான். நடுப்பகுதிச் சமையல் நமக்கெல்லாம் தெரிந்தது: பச்சைக் கறி, தோம் யாம் சூப், அந்த வகையறா.

பெரிய மெனு வைத்திருக்கிற கடை இந்த நாலையும் போட்டிருக்கும். போட்டிருக்கட்டும். மதுரைக்காரர் வைத்த கடையில் ஆப்பம் கேட்டாலும் தருவார், ஆனால் அவர் கைமணம் கறிதோசையில்தானே தெரியும்? ஆகவே பரிமாற வருகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி: “சமைக்கிறவர் எந்த ஊர்? அவர் ஊர்ச் சாப்பாடு இதில் எது?” சிங்கப்பூரில் பெரும்பாலும் உடோன் தானி, கோன் கேன் என்று ஈசான் ஊர்ப் பெயர்தான் பதிலாக வரும். அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு.

என் அலுவலகம் பீச் ரோட்டில் இருந்தது. பக்கத்திலேயே 1973இல் கட்டி முடித்த கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இங்கே கட்டுமான வேலைக்கு வந்த தாய்லாந்துக்காரர்களில் பெரும்பாலோர் ஈசான்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அத்தனை பேரும் அங்கேதான். ஊருக்குப் பணம் அனுப்புவது அங்கே, தாய்லாந்தின் ஹாட் யாய் நகருக்குப் பேருந்து ஏறுவது அங்கே, சாப்பாடும் அங்கேயேதான். எங்களுக்கு மதியச் சாப்பாட்டு இடைவேளை அவர்கள் தயவில் ஓடியது. 2021இல் அந்தக் கட்டடத்தைப் பாதுகாக்க வேண்டிய கட்டடம் என்று அரசிதழில் அறிவித்தார்கள், 2022இல் 70 கோடி வெள்ளிக்கு விற்றார்கள், 2023 மே மாதத்துக்குள் கடைக்காரர்கள் காலி செய்தார்கள். சிலர் பக்கத்துக் கோல்டன் மைல் டவருக்குப் போனார்கள். அங்கிருந்த தாய் சூப்பர்மார்க்கெட் காலாங்கில் அபீரியா மாலுக்குப் போனது. மற்றவர்கள் தீவு முழுக்கச் சிதறிவிட்டார்கள். அதனால்தான் இன்றைக்கு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குக்குக் கீழே, காப்பிக் கடை மூலையில் இருக்கிற தாய்லாந்து ஸ்டாலிலும் நல்ல லாப் கிடைக்கிறது. யானைப் படம் இல்லை என்று தாண்டிப் போய்விடாதீர்கள்.

அந்தக் கோல்டன் மைலில் ஒரு அம்மா சோம் தாம் போடுவதைக் கை கழுவும் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். மண் உரல், மர உலக்கை. முதலில் பூண்டும் மிளகாயும். பிறகு பனைவெல்லம், மீன் சாறு, எலுமிச்சை. நீளப் பயறு இரண்டு தட்டுத் தட்டி, பப்பாளிச் சீவல் கடைசியில். வலது கை குத்தும். இடது கையில் ஒரு கரண்டி அடியிலிருந்து புரட்டிக்கொண்டே இருக்கும். பப்பாளி நசுங்கக் கூடாது, மேலெல்லாம் சாறு பிடிக்க வேண்டும். காரம் எவ்வளவு என்று கேட்கமாட்டார், “மிளகாய் எத்தனை?” என்று எண்ணிக்கை கேட்பார். நீங்கள் போகிற கடையிலும் உட்கார்ந்தபின் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். சோம் தாம் சொன்ன பிறகு உள்ளேயிருந்து உரல் சத்தம் வந்தால் நிம்மதியாக மற்றதைச் சொல்லலாம். சத்தமே இல்லாமல் இரண்டு நிமிடத்தில் தட்டு வந்தால் ஒரு பழச்சாற்றோடு கிளம்பிவிடலாம், ஆறு பேரோடு என்றால் கொஞ்சம் சங்கடம்தான். அதனால் முந்தின வாரம் தனியாக ஒருமுறை போய்ப் பாருங்கள்.

தனியாகப் போகும்போது பாட் க்ரபாவ் சோறு கேளுங்கள். இது துளசி போட்ட வறுவல். ஆமாம், நம் பெருமாள் கோயில் துளசியின் இனமேதான்; அதைப் பன்றி இறைச்சியோடு வதக்குகிறார்கள் என்று என் மாமியாரிடம் நான் சொன்னதே இல்லை. துளசி விலை ஏறினாலோ கிடைக்காவிட்டாலோ பல கடைகளில் ஹோராபா என்ற வேறு இலையைப் போட்டு ஒப்பேற்றிவிடுவார்கள். தட்டிலேயே கண்டுபிடிக்கலாம். துளசி இலை மெல்லிசு, ஓரத்தில் பல் பல்லாக இருக்கும், சூட்டில் சுருண்டு கறுத்துவிடும், வாசனை கிராம்பும் மிளகும். ஹோராபா இலை வழவழப்பு, தண்டு ஊதா, வாயில் போட்டால் சோம்பு வாசனை. ஹோராபா நல்ல இலைதான், பச்சைக் கறியில் அதுதான் போட வேண்டும், க்ரபாவில் கூடாது. குடைமிளகாயும் கேரட்டும் வெங்காயமுமாக ஒரு க்ரபாவை ஒரு பெரிய மாலில் என் முன்னால் வைத்தார்கள், 18 வெள்ளி. அந்தக் கடைக்கு இந்தப் பக்கத்தில் இடமில்லை.

பச்சைக் கறியில் ஒன்றே ஒன்று பாருங்கள்: சுண்டைக்காய். நாம் வற்றல் போடுகிறோம், அவர்கள் பச்சையாகக் கொத்தோடு ஆய்ந்து குழம்பில் போடுகிறார்கள். கூடவே கோலிக்குண்டை விடக் கொஞ்சம் பெரிய வெள்ளைப்பச்சைக் கத்தரிக்காய். குழம்பின் மேல் பச்சை எண்ணெய் பிரிந்து நிற்க வேண்டும். முதல் தேங்காய்ப்பாலை எண்ணெய் பிரியும்வரை காய்ச்சி அதிலேயே மசாலாவை வதக்கினால்தான் அப்படி நிற்கும். ப்ரோக்கோலி மிதந்தால் அது அவசரக் குழம்பு.

ஆறு பேருக்கு: ஒரு சூப், ஒரு கறி, ஒரு சோம் தாம், ஒரு வறுவல், ஒரு முழு மீன், ஒரு கீரை. நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிட வேண்டியவை, ஆளுக்கொரு தட்டு வேண்டாம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

கடைப் பெயரைக் கேட்டு நீங்கள் இன்னொரு கடிதம் போடுவீர்கள், தெரியும். எழுதமாட்டேன். இந்த ஊரில் வாடகை ஏறினால் சமையல்காரர் மாறிவிடுவார், நான் எழுதினது அச்சில் அப்படியே நிற்கும்.

அம்மா ஊரிலிருந்து வருகிறார். சுத்த சைவம். கிருத்திகை, வெள்ளி என்றால் வெங்காயம் பூண்டும் கிடையாது. தாய்லாந்து உணவகத்துக்கு அழைத்துப் போக ஆசை. முடியுமா?
— செங்காங்கிலிருந்து ஒரு வாசகி

முடியும். ஆனால் மெனுவில் இலைப் படம் போட்டிருக்கிறது என்பதை மட்டும் நம்பிப் போகாதீர்கள் அம்மா. காய்கறி ஃபிரைட் ரைஸில் சிப்பி சாஸ் இருக்கும். டோஃபு போட்ட பாட் தாய் நூடுல்ஸில் மீன் சாறும் முட்டையும் இருக்கும். சிவப்பு, பச்சை மசாலா விழுதில் இறால் விழுது சேர்த்தே அரைத்திருப்பார்கள். தோம் யாமில் போடும் மிளகாய் விழுதில் காய்ந்த இறால். அவர்கள் கணக்கில் இதெல்லாம் உப்பும் புளியும் மாதிரி சுவைக்குச் சேர்ப்பவை, “மீன் போடவில்லை” என்று மனசாரச் சொல்வார்கள். பொய் சொல்லவில்லை.

நான் செய்கிறது இது. “மீன் சாறு, இறால் விழுது, சிப்பி சாஸ் மூன்றும் இல்லாமல் எது செய்ய முடியும்?” என்று கேட்பேன். நின்ற இடத்திலேயே “எல்லாம் முடியும், முடியும்” என்றால் அந்தக் கடை வேண்டாம். உள்ளே போய்க் கேட்டு வந்து, “பச்சைக் கறி முடியாது, விழுதில் இறால் இருக்கிறது. கங்கோங் கீரை முடியும், டோஃபு முடியும்” என்று பிரித்துச் சொல்கிறார் பாருங்கள், அந்தக் கடையில் அம்மாவை உட்கார வையுங்கள். முடியாது என்று சொல்லத் தெரிந்த அடுப்படியைத்தான் நம்பலாம்.

வெங்காயம் பூண்டு இல்லாத நாளுக்கும் அவர்களிடமே வழி இருக்கிறது. ‘ஜே’ என்று ஒரு சைவம்: இறைச்சி, மீன், முட்டை, பால், அதோடு பூண்டு, வெங்காயம் எதுவும் சேராது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து என்பது அடையாளம். சீனச் சந்திர நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில், நம் புரட்டாசி ஐப்பசி வாக்கில், தாய்லாந்தில் நிறையப் பேர் ஒன்பது நாள் இந்த விரதம் இருப்பார்கள். அந்தக் கட்டுப்பாடு தெரிந்த சமையல்காரரிடம் “ஜே” என்ற ஒரு சொல் போதும். ‘மங்சவிரட்’ (பொதுவான சைவம்) என்று எழுதியிருந்தால் முட்டை, பால், பூண்டு வரலாம், கவனம்.

கடைசியில் மாம்பழமும் ஒட்டரிசியும் வாங்கிக் கொடுங்கள். அரிசி, தேங்காய்ப்பால், சர்க்கரை, கொஞ்சம் உப்பு, அவ்வளவுதான். அந்த உப்பு அம்மாவுக்கு முதல் வாயில் விநோதமாக இருக்கும். இரண்டாவது வாய்க்கு ஒன்றும் சொல்லமாட்டார்.

நட்சத்திர மதிப்பீடு 4.7 என்று பார்த்துத்தான் போனேன். வாயில் வைக்க முடியவில்லை, ஒரே இனிப்பு. யாரை நம்புவது?
— ஜூரோங் வெஸ்ட் வாசகர்

ஒரு நட்சத்திரம் கொடுத்துத் திட்டியவர்களை நம்புங்கள். “ரொம்பக் காரம்”, “ரொம்பப் புளிப்பு”, “மீன் நாற்றம்” என்று திட்டியிருந்தால் நான் அன்றைக்கே கிளம்பிவிடுவேன். “குளிர்ந்த சோறு”, “எண்ணெய் வாடை” என்று திட்டியிருந்தால் வேண்டாம். ஜன்னல் இருக்கையையும் பிறந்தநாள் பாட்டையும் புகழ்ந்து கொடுத்த ஐந்து நட்சத்திரம் சாப்பாட்டுக் கணக்கில் சேராது.

எங்கள் பேட்டைத் தாய்லாந்து உணவகத்தில் அடுப்படியில் இருப்பவர்கள் யாரும் தாய்லாந்துக்காரர்கள் இல்லை போலிருக்கிறது. அப்படியானால் அது அசல் இல்லைதானே?
— தெம்பனிஸ் வாசகர்

அப்படி முடிவு கட்டாதீர்கள் ஐயா. தேக்காவில் உங்களுக்குப் பிடித்த பரோட்டாவை யார் போடுகிறார்கள் என்று ஒருநாள் எட்டிப் பாருங்கள். லண்டனில் 2001இல் ‘நாம்’ என்ற தாய் உணவகத்தைத் தொடங்கிய டேவிட் தாம்சன் ஆஸ்திரேலியர். ஆறே மாதத்தில் மிஷ்லின் நட்சத்திரம் வாங்கினார், தாய் உணவகம் ஒன்றுக்கு அது கிடைத்தது அதுவே முதல் தடவை. கடைசியில் யார் நாக்கில் வைத்துப் பார்த்து வெளியே அனுப்புகிறார்கள் என்பதுதான் விஷயம். சமைப்பவர் பர்மாக்காரராக இருக்கலாம், பக்கத்தில் நின்று ருசி பார்க்கிற முதலாளியம்மா ஈசானின் கோராட் ஊர்க்காரராக இருப்பார்.

அடையாளமாக ஏதாவது வேண்டும் என்றால், வாசலில் ‘தாய் செலக்ட்’ முத்திரை இருக்கிறதா பாருங்கள். தாய்லாந்து வர்த்தக அமைச்சு வெளிநாட்டுத் தாய் உணவகங்களைச் சோதித்துக் கொடுப்பது. 2002 வாக்கிலேயே அந்த அரசாங்கம் உலகமெங்கும் தாய் உணவகங்கள் பெருக வேண்டும் என்று திட்டம் போட்டு வேலை செய்தது. இன்றைக்கு எந்தப் பெரிய நகரத்துக்குப் போனாலும் ஒரு பச்சைக் கறி கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். முத்திரை இருந்தால் அடிப்படை சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். காப்பிக் கடை ஸ்டால்காரர் இதற்கெல்லாம் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கமாட்டார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மகனுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை. கடலையை மட்டும் எடுத்துவிடச் சொன்னால் போதுமா?
— ஈசூன் வாசகி

போதாது. சோம் தாம் குத்துகிற அதே உரலில்தான் முந்தின தட்டுக்குக் கடலை விழுந்திருக்கும். பாட் தாய், மசமான் கறி, சாத்தே சாஸ் மூன்றிலும் கடலை உண்டு, வாணலியும் கரண்டியும் பொது. மருத்துவர் “தொடவே கூடாது” என்று சொல்லியிருந்தால் பையனுக்காகத் தாய்லாந்துக் கடையைத் தேடவே வேண்டாம், வேறு சாப்பாட்டுக்குப் போங்கள். இதில் நான் விளையாடமாட்டேன்.

பாங்காக்குக்கு மூன்று இரவு பேக்கேஜ் போட்டிருக்கிறோம், நானும் வீட்டுக்காரரும். இருவரும் அசைவம் சாப்பிடுவோம். ஆனால் எல்லா வேளையும் ‘இந்தியன் பஃபே’ என்று எழுதியிருக்கிறார்கள். பாங்காக் வரை போய் பனீரா? ஒரு வேளையாவது தப்பிக்க வழி சொல்லுங்கள்.
— கோயம்புத்தூர் வாசகி

பனீர் கேட்டவர்களுக்காக ஏற்பாடு செய்திருப்பார்கள், கோபப்படாதீர்கள். ஏஜென்டிடம் ஒரு மதியத்தை மட்டும் விடுவித்துக்கொள்ளுங்கள். இரவு வேண்டாம், மதியம்.

ஏன் மதியம் என்றால், உங்களுக்கு ஏற்ற கடை ‘காவ் கேங்’ கடை. காலையில் சமைத்த பத்துப் பதினைந்து வகைக் குழம்பு, வறுவலை அலுமினியத் தட்டுகளில் வரிசையாக வைத்திருப்பார்கள். கண்ணால் பார்த்து விரலால் காட்டினால் சோற்றின் மேல் ஊற்றித் தருவார்கள், மொழியே வேண்டாம். பதினொன்றரைக்குப் போனால் எல்லாத் தட்டும் நிறைந்திருக்கும், இரண்டு மணிக்குப் போனால் அடி வழித்த மிச்சம்தான். அலுவலக அட்டை கழுத்தில் தொங்குகிற கூட்டம் எந்தக் கடையில் நிற்கிறதோ அங்கே நில்லுங்கள். சீலோம் மாரியம்மன் கோயிலுக்கு எப்படியும் போவீர்கள், காலையில் சாமி கும்பிட்டுவிட்டு அந்தச் சாலையிலும் சந்துகளிலும் நடந்து பாருங்கள். அது அலுவலக வட்டாரம், இப்படிக் கடை இல்லாமல் இருக்காது.

வெயில் தாங்காது என்றால் அசோக் ரயில் நிலையத்தை ஒட்டிய டெர்மினல் 21 மாலில் ‘பியர் 21’ உணவுக்கூடம். முதலில் பணம் கட்டி ஒரு அட்டை வாங்க வேண்டும், ஒவ்வொரு ஸ்டாலிலும் அதைக் காட்டி வாங்கி, மீதியைத் திருப்பிக்கொள்ளலாம். மாலுக்குள் இருந்தும் விலை குறைவு. சனி, ஞாயிறில் சதுசக் சந்தைக்கு அழைத்துப் போனார்கள் என்றால், எதிரே ஓர் தோர் கோர் சந்தைக்கு நழுவிவிடுங்கள். சுத்தமான இடம், பழமும் கருவாடும் வாங்குவதற்கும் நல்லது.

ஜே ஃபாய் கடையைப் பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள். கண்ணாடி மாட்டிக்கொண்டு கரி அடுப்பில் நண்டு ஆம்லெட் போடும் அம்மா, 2018 கையேட்டில் மிஷ்லின் நட்சத்திரம் வாங்கியவர். அந்த ஆம்லெட் விலை தாய்லாந்துப் பணத்தில் ஆயிரம் பாட் தாண்டும். அதற்கு நிற்கிற வரிசையில் உங்கள் மூன்று இரவில் ஒன்று போய்விடும். இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சாப்பிட்ட பாட் தாய் செக்கச்செவேல் என்று இருந்தது. அப்படித்தான் இருக்குமா?
— ஹவ்காங் வாசகர்

தக்காளி கெச்சப் ஊற்றியிருக்கிறார்கள். பாட் தாயின் புளிப்பு புளியிலிருந்து வர வேண்டும், இனிப்பு பனைவெல்லத்திலிருந்து. நிறம் பழுப்பு. தட்டு ஓரத்தில் ஒரு கீற்று வாழைப்பூவைப் பச்சையாக வைத்திருந்தார்கள் என்றால் விஷயம் தெரிந்த கடை. கூடுதல் தகவல்: இது ஒன்றும் ஆதிகாலத்துப் பலகாரம் இல்லை. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் பிரதமர் பிபூன் சொங்க்ராம் நாட்டுப்பற்றோடு சேர்த்துப் பரப்பிவிட்ட நூடுல்ஸ்.

தோம் யாமில் பால் ஊற்றுவது கலப்படமா?
— ஆங் மோ கியோ வாசகர்

இல்லை. தெளிந்தது ஒரு வகை, சுண்டிய பாலும் மிளகாய் விழுதும் சேர்த்தது ஒரு வகை, இரண்டும் அவர்கள் ஊரிலேயே உண்டு. இறால் தோம் யாமை 2024இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. கடையைச் சோதிக்க வேண்டுமானால் தெளிந்ததைக் கேளுங்கள், பால் பல குற்றங்களை மூடிவிடும். எலுமிச்சைப்புல்லையும் பேரரத்தைத் துண்டையும் மென்று பார்த்துக் கஷ்டப்படாதீர்கள், ஓரமாக ஒதுக்கிவிட வேண்டியவை.

சாப்ஸ்டிக் கேட்டால் ஒரு மாதிரிப் பார்க்கிறார்களே?
— பீஷான் வாசகி

சோற்றுக்கு அவர்களும் கரண்டிதான். வலது கையில் கரண்டி, இடது கையில் முள்கரண்டி, முள்கரண்டி தள்ளுவதற்கு மட்டும். சாப்ஸ்டிக் நூடுல்ஸுக்கு. ஒட்டரிசிக்குக் கை, அதில் நமக்குப் பயிற்சி தேவையில்லை.

மெனுவில் ‘பிளஸ் பிளஸ்’ என்று போட்டிருந்ததைக் கவனிக்காமல் விட்டு, பில் வந்தபோது விழித்தேன். கணக்குச் சொல்லுங்கள்.
— கிளமெண்டி மாணவர்

முதல் பிளஸ் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், இரண்டாவது 9 விழுக்காடு பொருள் சேவை வரி. வரியைச் சேவைக் கட்டணத்துக்கும் சேர்த்துப் போடுவார்கள். ஆகவே 100 வெள்ளிக்குச் சாப்பிட்டால் 119 வெள்ளி 90 காசு. உணவங்காடி நிலையத்திலும் காப்பிக் கடையிலும் சேவைக் கட்டணம் கிடையாது, எழுதிய விலைதான். சில உணவகங்களில் உட்கார்ந்ததும் மேசையில் வைக்கிற ஈரத்துண்டுக்கும் வறுத்த கடலைக்கும் தனியாக எழுதிவிடுவார்கள். வேண்டாம் என்றால் பிரிக்காமல் அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.